கூரைத் தீனி

சுதந்திரம் வந்த வருஷம் வர வேண்டிய மழை மட்டும் வரவில்லை. ஐப்பசி முழுக்க வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி கிடந்தது. கார்த்திகையில் ஒரு சாயங்காலம் புழுதி அடங்கும் அளவுக்குத் தூறிவிட்டு, இவ்வளவுதான் என்று போய்விட்டது. ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்களில் வரகும் கம்பும் முழங்கால் உயரம் வந்து, கதிர் தள்ளத் தெம்பில்லாமல் நின்ற இடத்திலேயே காய்ந்தன. மனிதர்களுக்கு வாய் இருக்கிறது. வானத்தைத் திட்டலாம், மாதாவைக் கூப்பிடலாம், ஆற்றைத் தாண்டித் தஞ்சாவூர்ச் சீமைக்குக் கூலிக்கு ஓடலாம். மாடு என்ன செய்யும்? கட்டின இடத்தில் நின்றுகொண்டு கட்டினவர் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து தொழுவத்துப் பக்கமே போகாமல் சுற்றிய ஆண்பிள்ளைகள் அந்த வருஷம் நிறையப் பேர்.

அந்தக் கார்த்திகையில்தான் சவரிராஜ் தொழுவத்தில் செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டது.

பசு சவரிராஜுடையது அல்ல. பெரிய வீட்டு அரியமுத்துவுடையது. அது கன்றாக இருந்தபோதே வாரத்துக்கு வளர்க்கச் சவரிராஜிடம் விட்டிருந்தார். மாடு உடையவருக்கு, தீனியும் பாடும் வளர்க்கிறவருக்கு. தலையீற்றுக் கன்று பெரிய வீட்டுக்குப் போகும். இரண்டாம் ஈற்று வளர்த்தவருக்கு. காலைப் பால் பெரிய வீட்டுக்கு, சாயங்காலப் பால் வளர்க்கிறவருக்கும் கன்றுக்கும். கோவில் வாசலில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்தான் பத்திரம். தலையீற்று காளைக்கன்றாகப் பிறந்து பெரிய வீட்டுக்குப் போய்விட்டது. இது இரண்டாவது. ஆக, இந்தக் கிடேரி சவரிராஜுக்கும் அவன் பெண்டாட்டி இன்னாசிமேரிக்கும் சொந்தம்.

சொந்தம் என்ற வார்த்தையை அவர்கள் அதுவரை எதற்கும் சொன்னதில்லை. குடியிருந்த மனை பெரிய வீட்டு மனை. சவரி பிடித்த கலப்பை பெரிய வீட்டுக் கலப்பை. பெற்ற பிள்ளைகள் இரண்டும் பால்குடி மறப்பதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. இன்னாசி ஈரம் காயாத கன்றை மடியில் தூக்கி வைத்து, மூக்கில் அடைத்திருந்த சளியை விரலால் வழித்து எறிந்துவிட்டு, "இது எங்கூட்டுது" என்றாள். கேட்பதற்குச் செவலையைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.

சின்னி என்று பேர் வைத்தார்கள். சின்னி வளர்ந்து பசுவானால் அது போடுகிற கன்றுகளுக்கு வாரம் கிடையாது. விடிந்ததும் செம்பைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். கறந்த பாலைத் தானே குடிக்கலாம், விற்கலாம், வேண்டுமானால் தெருநாய்க்கு ஊற்றலாம். தெருநாய்க்கு ஊற்றுவதைப் பற்றிப் பேசும்போதுதான் சவரி அதிகமாகச் சிரித்தான்.

தை வரைக்கும் எப்படியோ இழுத்துக்கொண்டு போனார்கள். காய்ந்த கம்பந்தட்டையும் கடலைக்கொடியும் இருந்தன. மாசி பிறந்ததும் அதுவும் தீர்ந்தது. பிறகு தழை. பூவரசு, ஆல், வேம்பு என்று கைக்கு எட்டியதெல்லாம் மொட்டையாயின. சவரி தொரட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு கருவேல மரங்களைத் தேடிப் போய்க் காய் உலுக்கி வந்தான். அவனுக்கு முன்னால் ஆட்டுக்காரர்கள் உலுக்கியிருப்பார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் சப்பாத்திக்கள்ளியை நெருப்பில் வாட்டி, முள்ளைக் கருக்கி மாட்டுக்குப் போட்டுப் பிழைத்தோம் என்று கிழடுகள் சொல்லும். இப்போது சப்பாத்தியும் இல்லை. வெள்ளைப் பூச்சி பிடித்து எப்போதோ அழிந்துவிட்டது. அது அழிந்தபோது சனியன் ஒழிந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஒழிகிறவை எல்லாம் எதற்கு உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இன்னாசி குடிக்கிற கஞ்சியில் பாதி சின்னிக்குப் போயிற்று. கையைக் கஞ்சியில் தோய்த்து நீட்டுவாள். கன்று விரலைச் சப்பும். விரலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் விடாமல் சப்பிக்கொண்டிருக்கும்.

பால் குறைய ஆரம்பித்தது. பெரிய வீட்டுக் காரியக்காரர் தர்மன் செம்போடு வந்து நின்றார். அரியமுத்து வீட்டுப் பால் திருமானூர் காபி கிளப்புக்கு வாடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்னா இன்னாசி, செம்புல பாதிகூட ரொம்பல?"

"வயித்துக்குப் போனாத்தானங்க மடிக்கு வரும்."

"கிளப்புக்காரன் தெனம் சண்டைக்கி வரான். அந்த நாலாங் காம்பையும் சேத்துக் கற."

"அது கன்னுக்கு வுடுறதுங்க. எல்லா வூட்லயும் வுடுறதுதான்."

"காலம் நல்லா இருந்தப்ப வுட்டோம். யாரு இல்லன்னா? இப்பத்தான் கன்னு தழை கடிக்குதுல்ல. சாயங்காலம் ஊட்ட வுட்டுக்க. நான் என்னா எங்கூட்டுக்கா கேக்குறேன்?"

"சாயங்காலம் மடியில என்னாங்க இருக்கும்? காத்துதான் இருக்கும்."

"பேச்சக் கொற. கற."

கறந்தாள். கட்டுத்தறியில் சின்னி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. தர்மன் கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் ஒரு எருமை செத்திருந்தது. ஆனால் செம்பு நிறைந்ததா என்று கேட்க அவருக்கு மேல் ஒருவர் இருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் அரியமுத்துவின் வண்டிகள் ஆற்றைத் தாண்டிப் போய் வைக்கோல் ஏற்றி வந்தன. மணலில் வண்டி இறங்கும்போதே ஊர் முழுக்கச் செய்தி பரவியது. புது வைக்கோல் வாசனை சவரி குடியிருந்த கீழத்தெரு வரைக்கும் வந்தது. செவலை தலையைத் தூக்கி அந்தத் திக்கைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது.

"போயி கேளுய்யா" என்றாள் இன்னாசி.

"நான் போவ மாட்டேன். இல்லன்னு சொல்றதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றான் சவரி.

அவளே போனாள். அரியமுத்து களத்தில் நின்று போர் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்துண்டால் தலையை மூடியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை.

"வாம்மா இன்னாசி. கன்னு எப்பிடி இருக்கு?"

"அதுக்காவத்தாங்க எசமான் வந்தேன். ஒரு கத்தை வைக்கல் குடுத்தீங்கன்னா, நறுக்கிக் கஞ்சித் தண்ணில ஊறப்போட்டு குடுப்பேன். ஒத்தக் கத்தை. சாணி தட்டியோ கள வெட்டியோ கழிச்சிடுறேங்க."

அவர் போரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் இல்லன்னு சொல்றவனா? நீயே சொல்லு."

"இல்லிங்க."

"இந்தப் போரு ஒங் கண்ணுக்குப் பெருசாத் தெரியும். எனக்குத் தெரியாது. கொட்டாய் நெறைய உழவு மாடு கெடக்குது. மழ பேஞ்ச அன்னிக்கி ஏரு பூட்டப் போனா மாடு எந்திரிக்கணுமா, வாணாமா? அது எந்திரிக்கலன்னா நீ உழுவுவியா, நான் உழுவுவனா? உழவு இல்லன்னா சவரிக்கும் கூலி இல்ல, ஒனக்கும் நடவு இல்ல. மொதல்ல உழவு மாடு. அப்பறம் கறவ. அப்பறந்தான் கன்னு. இது நான் கண்டுபுடிச்ச சட்டம் இல்ல, இன்னாசி."

"பசுவு ஒங்களுதுதானங்க. பசுவுக்குன்னு குடுங்க."

"பசுவுக்குத் தீனி வளக்குறவன் பாடு. அதான பேச்சு? நாளைக்கி நல்ல காலம் வந்து கிடேரி கன்னு போட்டா, எனக்குப் பங்கு குடுன்னு நான் வந்து நிப்பனா? நிக்க மாட்டேன்ல?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. மனுஷன் நாலு வசவு வைதிருந்தால் வீட்டுக்கு வந்து அவர் வம்சத்தையே கரித்துக் கொட்டியிருக்கலாம். நியாயம் பேசுகிறவரை என்ன செய்வது? திரும்பி நடந்தவளை அவர் கூப்பிட்டார்.

"வண்டித் தடத்துல சிந்திக் கெடக்குது பாரு. அத வேணா பொறுக்கிக்க."

பொறுக்கினாள். புழுதியும் வண்டி அச்சு மசையும் ஒட்டிய தாள்கள் முந்தானையில் ஒரு பிடி சேர்ந்தன. சின்னி அதை மூச்சு விடாமல் தின்றுவிட்டு அவள் முந்தானையையும் மெல்லத் தொடங்கியது.

பங்குனியில் வெள்ளைச்சாமி வந்தான். அவன் அடிமாட்டுத் தரகன். மழைக்காலத்தில் அவன் வந்தால் தெருவில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இப்போது வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். சவரிதான் அவனைக் கூட்டிவந்தான். வெள்ளைச்சாமி சின்னியின் முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"தோலுக்குத்தான் எடுக்கணும். கறி இல்ல."

"இத யாரு வெல பேசச் சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இன்னாசி உள்ளிருந்து வந்தாள்.

"நாந்தான்" என்றான் சவரி.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாத்தா தெரியல? இன்னிக்கிக் குடுத்தா ரெண்டு மரக்கா வரகாவது வாங்கலாம். நாளைக்கி செத்துச்சுன்னா தோண்டிப் பொதைக்க எங் கையிலயும் தெம்பு இல்ல."

"சாவாது."

"நீ சொன்னா கேக்குமா? ஏ புள்ள, நான் மட்டும் ஆசப்படலயா? எனக்கும் இது மொதச் சொத்துதான். ஆனா தீனி எங்க? எங்க இருக்கு காட்டு. ஒரு பிடி காட்டு. இவனத் தொரத்திட்டு நானே கன்னத் தூக்கித் தோள்ல வச்சிக்கிறேன்."

இன்னாசிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் கன்றின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்ட மண்ணுல வச்சிட்டேன். அதுங்களுக்கு என்னாத்தக் குடுக்கறதுன்னு தெரியாமயே வச்சிட்டேன். இத வைக்க மாட்டேன்."

வெள்ளைச்சாமி எத்தனையோ வீட்டில் எத்தனையோ அழுகையைப் பார்த்தவன். "மனசு மாறுனா சொல்லி அனுப்புங்க, இந்தப் பக்கந்தான் சுத்திக்கிட்டு இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

அன்று சாயங்காலம் செவலைதான் வழியைக் காட்டியது. இன்னாசி பால் கறக்கப் போனபோது அது கழுத்தை நீட்டித் தொழுவத்து இறவாணத்தில் தொங்கிய கூரைத் தாளை உருவித் தின்றுகொண்டிருந்தது. வரகுத் தாள். முந்தின வருஷம் வரகு நன்றாக விளைந்தபோது சவரியும் அவளும் சேர்ந்து வேய்ந்தது. மேலே வெயில் பட்டுக் கறுத்திருந்தாலும் அடியில் இருந்த தாள் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. இன்னாசி ஒரு கொத்து உருவி முகர்ந்து பார்த்தாள். வாயில் போட்டு மென்றும் பார்த்தாள். பிறகு சவரியைக் கூப்பிட்டாள்.

"தீனி எங்கன்னு கேட்டியே. இந்தா, தலைக்கு மேல இருக்கு."

சவரிக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"கூரையப் பிரிக்கிறதா? மாட்டுக்குப் போட்டுட்டு மழ வந்தா என்னா பண்ணுவ?"

"மழ வந்தா புல்லு மொளைக்கும். புல்லு மொளைச்சிட்டா நமக்கு என்னாய்யா கொற? நனைஞ்சிக்கிட்டே நிக்கிறேன் நான். வரட்டும் மழ."

யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் பட்டது. மழை வரும் வரைக்கும்தான் கஷ்டம், மழை வந்துவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது. இதில் எங்கே பிசகு? மழைக்காகக் காத்துக் கிடக்கிற ஊரில் மழையைப் பயப்பட வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? எனக்கே தோன்றியிருக்காது.

மறுநாளே ஏறிவிட்டான். கூரையைக் கட்டியிருந்த பனநாரைக் கத்தியால் அறுத்து, அடுக்கடுக்காகத் தாளை உருவிக் கீழே தள்ளினான். இன்னாசி அதைக் கல்லில் அடித்துத் தூசி தட்டினாள். கறுத்த நுனியைக் கிள்ளி எறிந்தாள். அரிவாள்மணையில் பொடிசாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். உப்பு ஏலாக்குறிச்சி மாதா கோவில் கொடிமரத்தடியில் ஜனங்கள் மிளகோடு சேர்த்துக் கொட்டுகிற உப்பு. மிளகைப் பொறுக்கி எடுத்துவிட்டு உப்பை வைத்துக்கொண்டாள். ஊறின தாளில் கஞ்சித் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்து சின்னியின் முன்னால் வைத்தாள்.

சின்னி முகர்ந்தது, தும்மியது, ஒரு வாய் கடித்தது. பிறகு தலையை எடுக்கவில்லை.

"திங்கிதுய்யா!" என்று கத்தினாள் இன்னாசி. கூரைச் சட்டத்தில் குந்தியிருந்த சவரி அங்கிருந்தே எட்டிப் பார்த்துச் சிரித்தான். உடம்பெல்லாம் ஒட்டடை.

எதிர்வீட்டுப் பூமாலை வந்து பார்த்தாள். வாயாடி. அவள் வீட்டில் ஆடுகள்.

"என்னாக்கா, வூட்டயே கரைச்சிக் கன்னுக்கு ஊத்துற? நாளைக்கிச் செவத்த நறுக்கிப் போடுவியா?"

"செவுரு மண்ணுடி. மண்ணு திங்கிறதா இருந்தா நானே தின்னுருப்பேன்."

"மாமாவப் பாத்துக்க. தூங்கும்போது அவரு தலமயிர நறுக்கிப் போட்டுடாத."

"அதுல என்னா இருக்கு? வழுக்கதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பூமாலை போய்த் தன் வீட்டுக் கூரையையும் நின்று பார்த்தாள். சித்திரை பிறப்பதற்குள் தெருவில் பாதித் தொழுவங்கள் வெறும் சட்டமும் கழியுமாக நின்றன. சின்னிக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. விலா எலும்பு தெரியத்தான் தெரிந்தது, ஆனால் இன்னாசியின் காலடிச் சத்தம் கேட்டால் தானே எழுந்து நின்றது. தொழுவத்துக் கூரை தீர்ந்ததும் வீட்டின் பின்பக்கத்துக் கூரையில் கை வைத்தார்கள். அதில் புகை ஏறியிருந்ததால் இரண்டு தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். வயிறு காய்ந்தது, ஆனால் செய்கிற வேலைக்குப் பலன் கண்ணுக்கு முன்னால் நின்று மென்றது.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள். செவலையை ஓட்டிக்கொண்டு இருவரும் கொள்ளிடத்துக்குப் போனார்கள். ஆற்று நடுவில் ஊற்றுத் தோண்டின இடங்களைச் சுற்றிக் கோரை கொஞ்சம் பச்சை காட்டியிருந்தது. அதைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, மண்ணை அலசி, சின்னிக்குக் கொண்டுவர எண்ணம். சின்னிக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. தொழுவத்துச் சட்டத்தின் மேல் இரண்டு பனை ஓலையைப் போட்டு, அதன் நிழலில் அதைக் கட்டிவிட்டு வந்திருந்தாள் இன்னாசி.

உச்சி சாய்ந்த நேரத்தில் காற்று நின்றது. மணல் அனல் கக்கியது. மேற்கே வானம் சாம்பல் நிறத்தில் இருந்து கறுப்புக்கு மாறுவதைச் சவரிதான் முதலில் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பவும் கிழங்கைத் தோண்டினான். அதற்கு முன் இப்படி எத்தனையோ தடவை கறுத்து ஏமாற்றியிருந்தது. பிறகு மண்வாசனை வந்தது. எங்கோ தூரத்தில் யாரோ கூவினார்கள். பெரிய பெரிய துளிகள் மணலில் விழுந்து குழி பறித்தன. ஆற்றில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஜனமெல்லாம் எழுந்து நின்றது.

கொட்டியது. பேய்க்காற்றோடு, ஆலங்கட்டியோடு கொட்டியது. ஓடிப்போய்க் கரையில் இருந்த மருத மரத்தடியில் ஒதுங்கினார்கள். ஒதுங்கவும் மனசு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த பூமாலை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மழைக்குள் போய்ச் சுற்றிச் சுற்றி ஆடினாள். இன்னாசி வாயைத் திறந்து அண்ணாந்து நின்றாள். சவரி ஆலங்கட்டியைப் பொறுக்கி வந்து அவள் முதுகில் போட்டான். கலியாணமான புதிதில்கூட அவன் அப்படி விளையாடினதில்லை. அவள் துள்ளிக் குதித்து அவனை அடிக்கத் துரத்தினாள். "மாதாவே, மாதாவே" என்று சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவர்கள் பிறகு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மேலே பட்ட தண்ணீர் சில்லென்று உறைக்க ஆரம்பித்தது. செவலை உடம்பை உதறி, ஊர்த் திக்கைப் பார்த்துக் கத்தியது. மறுபடி கத்தியது.

இன்னாசியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"கூர..." என்றாள்.

அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாள். சவரி மாட்டை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். வண்டிப் பாதை ஓடையாகியிருந்தது. வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள்.

பனை ஓலையைக் காற்று எங்கோ தூக்கிக்கொண்டு போயிருந்தது. தொழுவத்தில் கணுக்கால் தண்ணீர். சின்னி மழைக்குத் தப்பிக்கச் சுற்றிச் சுற்றி வந்திருக்க வேண்டும். கயிறு முளைக்குச்சியில் சுற்றிக்கொண்டு, தலை குச்சியோடு ஒட்டிப்போய், கால்கள் மடிந்து தண்ணீரில் கிடந்தது. சுற்றிலும் ஆலங்கட்டிகள் கரையாமல் மிதந்தன. உயிர் இருந்தது. காதைத் தொட்டாள். தண்ணீரைவிடக் காது சில்லென்று இருந்தது.

இருவருமாக வீட்டுக்குள் தூக்கிப் போனார்கள். வீட்டிலும் பாதிக்குத்தான் கூரை. அடுப்படி நனைந்து கிடந்தது. வைத்திருந்த சுள்ளியெல்லாம் ஈரம். சவரி நெருப்புப் பற்றவைக்க முயன்று முயன்று கடைசியில் தீப்பெட்டியைச் சுவரில் எறிந்தான். சாக்கை எடுத்துக் கன்றைத் தேய்த்தான். இன்னாசி தன் சேலையைப் பிழிந்து துடைத்தாள். பிறகு கன்றைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். அதன் நடுக்கம் அவள் நெஞ்சில் தெரிந்தது.

"ஒடம்புல சூடு இருந்தாத்தான தாங்கும்? கொஞ்சம் சதை இருந்தாத்தான தாங்கும்?" என்று சவரி யாரிடமோ கேட்டான். "நாந்தான் பிரிச்சேன். நான்தான் மேல ஏறுனேன்."

"நாஞ் சொல்லித்தான ஏறுன. சும்மா இரு."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நடுக்கம் நின்றது. சூடு வந்துவிட்டது என்றுதான் இன்னாசி முதலில் நினைத்தாள்.

வெளியே தவளைகள் கத்தின. தெருவில் ஜனங்கள் ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு குரல் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

விடிந்ததும் அரியமுத்துவின் ஏர்கள் புறப்பட்டன. அவர் சொன்னபடியே உழவு மாடுகள் எழுந்து நின்றிருந்தன. தர்மன் செம்போடு வந்தார். செவலை மடியில் கை வைத்தபோது உதைத்தது. சுரப்பை அடக்கிக்கொண்டது. சொட்டுப் பால் இறங்கவில்லை. தர்மன் மூலையில் சாக்கால் மூடிக் கிடந்ததைப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடியே போனார். திரும்பி வந்தபோது அவர் தலையில் வைக்கோல் கட்டு இருந்தது.

"எசமானுக்கு ரொம்ப வருத்தம். கன்னு போனது போச்சு, பாலு போயிடக் கூடாதுன்னாரு. தோல உரிச்சுத் தெச்சு நிறுத்திடு சவரி. ஒனக்குத் தெரியுமுல்ல? உள்ள வைக்க இந்தா, குடுத்தனுப்பியிருக்காரு. நல்ல வைக்கல். ஆத்துக்கு அந்தாண்ட வைக்கல்."

இன்னாசி கட்டைப் பார்த்தாள். மூன்று கத்தை இருக்கும். மஞ்சளாக, புழுதி படாமல்.

"இம்புட்டும் எதுக்குங்க?"

"கம்மியா வச்சா தொங்கிப் போவும். வவுறு ரொம்பணும். அப்பத்தான் பசுவு நம்பும்."

"வவுறு ரொம்பணுமாம்" என்றாள் இன்னாசி. சவரி அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தியைத் தீட்டினான்.

அவன் தோலை உரித்தான். உப்பும் சாம்பலும் பூசினான். கால்களுக்கு மூங்கில் குச்சி கொடுத்தான். இன்னாசி வைக்கோலை உதறி உதறிக் கொடுத்தாள். அவன் திணித்து, சாக்கு ஊசியால் வயிற்றைத் தைத்தான். நிறுத்திப் பார்த்தபோது சின்னி கொழுகொழுவென்று இருந்தது. உயிரோடிருந்த நாளில் ஒரு நாள்கூட அது அப்படி இருந்ததில்லை.

செவலை அதை முகர்ந்தது. உப்பு ருசிக்கு நக்கத் தொடங்கியது. நக்க நக்கக் கண் சொருகியது. மடி இளகிப் பால் இறங்கிற்று. நாலு காம்பிலும் கறந்து முடித்த தர்மன், "கெட்டிக்காரப் பசுவு" என்று அதன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சவரி ஏர் பிடிக்கப் போனான். போகாமல் இருந்தால் கூலி இல்லை.

இன்னாசி மட்டும் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலே சட்டத்தின் வழியாக வெயில் இறங்கியது. செவலை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. கழுத்து, விலா, வயிறு என்று வந்த நாக்கு தையலில் நின்றது. மூக்கை அங்கே வைத்து மூச்சை இழுத்தது. தையல் இடுக்கில் ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பல்லால் பிடித்து உருவியது. மென்றது. இன்னொன்றை உருவியது.

இன்னாசி "ஏய்" என்று கை ஓங்கினாள். கன்று கெட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓங்கின கை அப்படியே இருந்தது. செவலை அவளைப் பார்த்தது, மெல்வதை நிறுத்தவில்லை. அதன் தாடையெலும்பு தோலுக்குள் ஏறி ஏறி இறங்கியது.

அவள் எழுந்துபோய் அரிவாளை எடுத்துவந்தாள். சவரி போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். உள்ளே கையை விட்டு வைக்கோலை ஒரு பிடி எடுத்து நீட்டினாள். செவலை ஒரு வாயில் இழுத்துக்கொண்டது. இன்னொரு பிடி எடுத்தாள்.

பால்சட்டி கேட்க வந்த பூமாலை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ, என்னாக்கா பண்ற? நாளைக்கி எதக் காட்டிக் கறப்ப? மாட்டப் புடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்கக்கா!"

"போவட்டும்."

"அக்கா, நாஞ் சொல்றதக் கேளு..."

"மூணு கத்தைடி. நான் ஒத்தக் கத்தை கேட்டேன்." இன்னாசி கையை மறுபடி உள்ளே விட்டாள். "வந்து ஓட்டிக்கிட்டுப் போவட்டும். அதுவரைக்கும் இது திங்கட்டும். புள்ளயத்தான் போட்டுச் சாவடிச்சேன். ஆத்தாளுக்காச்சும் ஒரு வேள எங் கையால வவுறு ரொம்பட்டும்."

பூமாலை பக்கத்தில் வந்து குந்தினாள். கொஞ்சம் கழித்து அவளும் கால் பக்கத்து வைக்கோலை உருவிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

கடைசிப் பிடியையும் செவலை தின்று முடித்தது. மூங்கில் குச்சிகள் சரிந்து, தோல் தரையில் சாக்கு மாதிரி விழுந்து கிடந்தது. செவலை அங்கும் இங்கும் மூக்கால் தேடிப் பார்த்தது. வைக்கோல் இல்லை என்று தெரிந்ததும் தலையைத் தாழ்த்தி, தோலில் காது இருந்த இடத்தை மெதுவாக நக்கத் தொடங்கியது.